சாணும் சேர்ந்து வளர்ந்தால்

என் கையெழுத்தைப் பார்த்து முகம் சுளிக்காமல் படிக்க வேண்டும். நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு எழுதுகோல் பிடித்ததெல்லாம் பத்திரத்தில் கையெழுத்துப் போடத்தான். சின்ன ரகரம் வர வேண்டிய இடத்தில் பெரிய றகரம் வந்து உட்கார்ந்திருக்கும். லகர ளகரம் எனக்கு எந்தக் காலத்திலும் பிடிபட்டதில்லை. வரிகள் மேடு ஏறிப் பள்ளம் இறங்கும். தெரிந்தவர்கள் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

நாலு பேர் கூடின இடத்தில் வாய் திறந்து பேசும் பழக்கமும் எனக்கு இல்லை. பேசப் போனால் காது சூடாகிவிடும். எழுதும்போது எதிரில் யாரும் உட்கார்ந்து முகத்தைப் பார்க்க மாட்டார்கள். அந்தத் தைரியத்தில்தான் இதை ஆரம்பிக்கிறேன். தவிரவும், வீட்டில் இருப்பவள் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்: "என்ற காதுல சொல்லிச் சொல்லி என்னுங்க ஆகப் போவுது? எழுதிவெச்சுப் போடுங்க. தெரிஞ்சவங்க ஆராச்சும் படிச்சு வழி சொல்லட்டும்."

எங்கள் காடு ராசிபுரத்துக்கும் நாமகிரிப்பேட்டைக்கும் நடுவில் இருக்கிறது. சுக்கில வருஷம் ஆவணியில் எனக்குப் பெண் பார்த்து உப்புச்சர்க்கரை மாற்றினார்கள். எங்கள் பக்கத்தில் அதுதான் நிச்சயம். உப்பும் சர்க்கரையும் கை மாறிவிட்டால் வாக்கு மாறக்கூடாது என்பார்கள். மாறினதும் உண்டு. பெண் வீடு திருச்செங்கோட்டுக்கு இந்தப் பக்கம். பெண்ணை நான் சரியாகப் பார்க்கவில்லை. அவள் தண்ணீர்ச் சொம்பைக் கொண்டுவந்து வைத்தபோது நான் சொம்பைத்தான் பார்த்தேன். சொம்பை வைத்த கையையும் பார்த்தேன். நான் எட்டி எடுக்கச் சிரமப்படக் கூடாது என்று அந்தக் கை சொம்பை இன்னும் கொஞ்சம் என் பக்கம் நகர்த்தி வைத்தது. அவ்வளவுதான் நான் கண்டது. ஆனால் அதன் பிறகு அந்தக் கை என் மனசை விட்டுப் போகவில்லை. தை மாதம் கல்யாணம் என்று பேச்சு.

தாய் தகப்பன் இல்லாத எனக்கு எல்லாம் என் அக்காதான். பக்கத்துத் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவள் புருஷனை மச்சான் என்று கூப்பிடுவேன். இரண்டு பேரும் என்னைத் தங்கள் பிள்ளை மாதிரிதான் வைத்திருந்தார்கள்.

புரட்டாசியில் எனக்குக் காய்ச்சல் கண்டது. சாதாரணக் காய்ச்சல் இல்லை. விட்டது போல இருந்து மறுபடி ஏறும். அக்கா என் வீட்டிலேயே வந்து தங்கிக் கஞ்சித் தண்ணீர் ஊற்றினாள். எனக்கு நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. பிழைக்க மாட்டேன் என்றே நினைத்திருக்கிறார்கள். மச்சான் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

ஐப்பசியில், மழை விட்டிருந்த ஒரு காலையில், கட்டிலை விட்டு எழுந்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல் பக்கம் வந்தேன். நிலவுப்படியைத் தாண்டக் காலைத் தூக்கினேன். கால் படியில் இடித்தது. பிறந்ததிலிருந்து தாண்டுகிற படி அது. கண்ணை மூடிக்கொண்டு போனாலும் இடித்ததில்லை. குனிந்து பார்த்தேன். படி உயர்ந்திருந்தது.

வெளியே வந்தால் களம் அகன்று கிடந்தது. வேப்பமரம் தள்ளிப் போயிருந்தது. அக்கா நீட்டிய சொம்பு இரண்டு கையாலும் தாங்க முடியாமல் கனத்தது. அவள் முகம்கூடப் பெரிதாகத் தெரிந்தது. பயந்துபோய்த் திரும்பவும் படுத்துக்கொண்டேன்.

பலவீனம் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். நாட்டுக்கோழிச் சாறும் கம்பஞ்சோறும் உள்ளே போகப்போக உடம்பு தேறிவிட்டது. மண்வெட்டி பிடித்தேன். சொம்பு பழையபடி ஒரு கையில் அடங்கியது. ஆனால் அந்த நினைப்பு மட்டும் போகவில்லை. எல்லாம் ஒரு சுற்றுப் பெரிதாகிவிட்டது, நானும் சேர்ந்து பெரிதாகிவிட்டேன், அதனால்தான் இப்போது சரியாகத் தெரிகிறது என்று உள்ளே ஒன்று சொல்லிக்கொண்டே இருந்தது. உட்கார்ந்தால் எழத் தோன்றும். எழுந்தால் எதையாவது தொட்டு அளக்கத் தோன்றும்.

எங்கள் வீட்டு நிலவு, அதாவது கதவு நிலை, ஏழு சாண் உயரம். வீடு கட்டினபோதே தச்சன் சொல்லி, எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. சாண் போட்டுப் பார்த்தேன். ஏழு சாண் இருந்தது. அக்கா பார்த்துவிட்டாள். 

"என்ன சாமி பண்ணறே?"

"நெலவு ஒசந்துருச்சாட்டத் தெரியுதக்கா."

"ஏழு சாண் இருக்குதல்லோ?"

"இருக்குது."

"அப்பறம் எங்கிருந்து ஒசந்துச்சு? மழைக்கு மொளச்சுதா?"

அவள் சொன்னது சரிதான். ஆனால் அன்றைக்கு மத்தியானம் மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்தபோது கையைப் பார்த்தேன். நிலவு வளர்ந்து, இந்தக் கையும் அதே கணக்கில் வளர்ந்திருந்தால், அப்போதும் ஏழு சாண்தானே வரும்? தட்டுக்கட்டு கையிலேயே நின்றுபோனது. மாடு இழுத்துத் தின்றது. எதைக் கொண்டு அளப்பது? முழம் போட்டால் முழமும் வளர்ந்திருக்கும். தானியம் அளக்கிற வள்ளம் வளர்ந்திருக்கும். உள்ளே கிடக்கிற தானியமும் வளர்ந்திருக்கும். எல்லாம் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லும். எல்லாச் சாட்சியும் ஒரே வீட்டுக்காரர்கள் என்றால் வழக்கு என்ன ஆகும்?

மச்சான் கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். மாடுகள் வாரிச் சரிவில் இறங்கும்போது அவர் வடக்கயிற்றின் மேல் உட்கார்ந்து வருவார். கீழே வந்து இறங்கும் சமயம் பார்த்துக் கேட்டேன். 

"மச்சான், ராவோட ராவா எல்லாமே ஒரே கணக்குல பெருசாயிருச்சுன்னா நமக்குத் தெரியுமுங்களா?"

"எல்லாமேன்னா?"

"ஊடு, காடு, மாடு, மனுசன், சாண், மொழம். ஒண்ணு பாக்கியில்லாமலுங்க."

மாட்டைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே மேலே போனார். மறுபடி இறங்கி வந்ததும், "உன்ற அக்கா வாயுமா?" என்றார்.

"அதுந்தானுங்க."

"அப்ப எனக்குத் தெரிஞ்சுரும் சாமி."

அவர் கெட்ட மனுஷர் இல்லை. சிரிக்க ஒன்று கிடைத்தால் தனியாகச் சிரிக்கத் தெரியாதவர். ராசிபுரம் சந்தையில் நாலு பேரிடம் சொல்லிவிட்டார். சந்தையில் சொன்னது திருச்செங்கோட்டுப் பக்கம் போய்ச் சேரும்போது, மாப்பிள்ளைக்குக் காய்ச்சல் மண்டைக்கு ஏறிவிட்டது, மாடு அவன் கண்ணுக்கு யானையாகத் தெரிகிறது என்று ஆகிவிட்டது.

கார்த்திகையில் பெண்ணின் தகப்பனார் வந்தார். மெலிந்து உயர்ந்த மனுஷர். எதையும் நேராகக் கேட்கமாட்டார். "மாடு ஒண்ணு வெலைக்கு வருதுன்னாங்க. அதான் இப்பிடி வந்தனுங்க" என்று கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்தார். அக்கா மோர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் தூணோடு ஒட்டிக்கொண்டு நின்றேன்.

"மாப்பள்ளைக்கு ஒடம்பு தேவலீங்களா?"

"தேவலீங்க மாமா."

"கண்ணெல்லாம் நல்லாத் தெரியுதுங்களா?"

"தெரியுதுங்க."

வாசலில் அவர் வண்டி மாடுகள் நின்றன. "அதென்ன, நம்ம மாடு ரெண்டும் எப்பிடித் தெரியுதுங்க?" என்றார்.

"நல்ல மாடுங்க. வலத்து மாடு துளி நொண்டுதுங்க."

அவர் மோரைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோய் மாட்டின் காலைத் தூக்கிப் பார்த்தார். குளம்பில் ஒரு முள் இருந்தது. அக்காவின் முகத்தில் வெளிச்சம் வந்தது. அவருக்கும் பாதி மனசு சமாதானம் ஆகியிருக்க வேண்டும். ஆனாலும் பெண்ணைக் கொடுக்கிறவர். "தப்பா நெனச்சுக்காதீங்கம்மிணி. ஊரு வாயி இருக்குதே. பூசாரியக் கூட்டியாந்து ஒருக்கா அளந்து பாத்துப்போட்டா எல்லாருக்கும் நிம்மதியல்லோ?" என்றார்.

எங்கள் பக்கத்தில் ஒருத்தருக்குக் காற்றுக் கருப்பு பட்டிருக்கிறதா என்று துணியை அளந்துதான் பார்ப்பார்கள். துவைத்து உலர்த்திய வேட்டியின் ஒரு முனையில் திருநீறு முடிந்து, அந்த முடிச்சிலிருந்து பூசாரி தன் முழங்கையால் முழம் போடுவார். நோயாளியின் தலையைச் சுற்றிவிட்டு மறுபடி முழம் போடுவார். முதல் தடவைக்கும் அடுத்த தடவைக்கும் அளவு கூடினாலோ குறைந்தாலோ கோளாறு இருக்கிறது. அளவு நின்றால் ஒன்றும் இல்லை. துணி நீளும், குறுகும் என்பதை எங்கள் ஊரில் யாரும் சந்தேகப்பட்டதில்லை. நானே சின்ன வயதில் பார்த்திருக்கிறேன்.

பூசாரி வந்தார். என்னைக் கிழக்கே பார்க்க உட்கார வைத்தார். முழம் போட்டார், சுற்றினார், மறுபடி போட்டார். இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அளவு ஒரு விரல்கூட மாறவில்லை. 

"காத்தும் இல்ல, கருப்பும் இல்ல. அளவு அப்பிடியே நின்னுபோச்சு" என்றார் பூசாரி. 

அக்கா மாரியம்மன் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். பெண்ணின் தகப்பனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மரியாதைக்காக என்னிடமும் ஒரு வார்த்தை கேட்டார்: "மாப்பள்ளைக்கும் திருப்தித்தானுங்களே?"

தலையை ஆட்டியிருந்தால் போதும். பொய்கூட ஆகாது. அதுவரை அந்த மனுஷர் முன்னால் நான் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசியதில்லை. அன்றைக்கு எப்படி வந்ததோ, வாய் தானாகத் திறந்துகொண்டது. 

"துணியும் கையும் சேந்து வளந்திருந்தா, அளவு நிக்கத்தானுங்களே செய்யும்?"

பூசாரிதான் முதலில் பேசினார். 

"என்ற கை வளந்துருச்சுங்கறயா?"

"உங்க கை மட்டும் இல்லீங்க பூசாரியப்பா" என்றேன். அவரைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னேன்.

பெண்ணின் தகப்பனார் வண்டியில் ஏறும்போது, "தை போகட்டுமுங்க. அப்பறம் பாத்துக்கலாம்" என்றார். எங்கள் பக்கத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

அக்கா அன்றைக்கு அடுப்புப் பற்றவைக்கவில்லை. "ஊமையாட்டம் இருந்தவன் இன்னிக்குத்தான் வாயத் தொறக்கோணுமா? ஆமாங்கன்னு சொல்லீருந்தா நாக்கு தேஞ்சா போயிரும்?" என்று அழுதாள். மச்சான் எனக்காகப் பேச வந்தார். "சந்தையில சொன்னது ஆரு?" என்று அவரையும் ஒரு பிடி பிடித்தாள்.

அந்தத் தை மாதம் முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்தக் கை நகர்த்தி வைத்த சொம்பு வேறு யார் முன்னாலாவது போய் உட்காரப் போகிறது. எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். உலகத்தில் கூடச் சேர்ந்து வளராத பொருள் ஒன்று கிடைத்தால் போதும். அதை வைத்து அளந்துவிட்டு, ஒன்றும் மாறவில்லை என்று அவர் வீட்டுக்கு நடந்துபோய்ச் சொல்லிவிடுவேன். மாறவில்லை என்று சும்மா சொல்ல எனக்கு வாய் வராது. சொன்னால் கல்யாண மேடையிலேயே மறுபடி கேட்டுவிடுவேன் என்று எனக்கே பயம்.

நான் படித்த பள்ளிக்கூடத்துக்குப் போய் வாத்தியாரின் அடிக்கோலைக் கேட்டு வாங்கி என் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். அரசாங்கத்து அடிக்கோலாயிற்றே, அதுவாவது நிற்காதா என்று ஒரு நப்பாசை. அரசாங்கமும் வளர்ந்திருக்குமே என்று வரும் வழியில்தான் தோன்றியது. ஆத்தூர் ரோட்டில் மைல் கல்லுக்கு மைல் கல் நடந்தேன். கால் வலித்தது. மைல் நீண்டுவிட்டதாலா, காய்ச்சலில் கிடந்த காலாக இருப்பதாலா? கிணற்றில் கல்லைப் போட்டுச் சத்தம் வரும் வரை எண்ணினேன். நான் எண்ணும் வேகம் பழைய வேகம்தானா? பொழுது வளராதே என்று நினைத்தேன். பொழுதை எதைக் கொண்டு பார்க்கிறோம்? நிழலைக் கொண்டுதான். நிழலும் மரத்தோடு சேர்ந்த பயல். பைத்தியம் பிடிக்கிறதோ என்று ரோட்டோரத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் தலையைப் பிடித்துக்கொண்டேன். போகிற வண்டிக்காரர்கள் பார்த்துக்கொண்டே போனார்கள்.

ஒரு நாள் விட்டத்திலிருந்து ஒரு பல்லி என் முன்னால் தொப்பென்று விழுந்தது. விழுந்த வேகத்தில் ஓடிவிட்டது. தன்னைப்போல எத்தனையோ மடங்கு உயரத்திலிருந்து விழுந்தும் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. பனையேறி ஒருவர் முந்தின வருஷம் மரத்திலிருந்து விழுந்து இடுப்பு போய்ப் படுக்கையில் கிடந்தார். பல்லிக்கு ஒரு நியாயம், மனுஷனுக்கு ஒரு நியாயமா? இதில் ஏதோ இருக்கிறது என்று பட்டது. என்ன என்று பிடிபடவில்லை. பல்லி மாதிரியே அதுவும் ஓடிவிட்டது.

மாசி பிறந்ததும் மச்சான் தோட்டத்தில் கரும்பு வெட்டி ஆலை போட்டார்கள். அடுப்பில் கொப்பரை ஏறினது. அப்போதுதான் மச்சான் தன் வேண்டுதலைச் சொன்னார். நான் பிழைத்து எழுந்தால், வழக்கமாக மாரியம்மனுக்கு வைக்கும் வெல்லக்கட்டி போல இரண்டு மடங்கு வைப்பதாக வேண்டியிருந்தார். அதற்கென்று தச்சனிடம் சொல்லி ஒரு தனி அச்சுச் செய்து வைத்திருந்தார். வழக்கமான அச்சுப் பள்ளம் எப்படி இருக்குமோ அப்படியே, ஆனால் நீளம் இரட்டிப்பு, அகலம் இரட்டிப்பு, ஆழமும் இரட்டிப்பு. சாமி விஷயத்தில் குறை வைக்கக் கூடாது என்று மூன்றையும் இரட்டித்துவிட்டார்.

அன்று காலையில் பெண்ணின் தகப்பனார் வந்தார். இந்தத் தடவை மாடு பார்க்க வந்ததாகச் சொல்லவில்லை. கையில் ஒரு மஞ்சள் துணி முடிச்சு இருந்தது. அதைப் பார்த்ததும் அக்காவுக்குப் புரிந்துவிட்டது. உள்ளே உப்பும் சர்க்கரையும்தான் இருக்கும். திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறார். 

மச்சான் அவரை ஆலைக்குடிசையில் உட்கார வைத்துக் கரும்புச்சாறு கொடுத்தார். அவர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க" என்று ஆரம்பித்தார். அந்த நேரம் பாகு பதத்துக்கு வந்துவிட்டது. பதம் வந்த பாகு யாருக்காகவும் காத்திருக்காது. "ஒரு நிமிசமுங்கண்ணா" என்று மச்சான் எழுந்து ஓடினார்.

இரண்டு கட்டிக்கு உண்டான பாகைப் பெரிய அச்சில் ஊற்றினார். கால்வாசி நிறைந்தது, அவ்வளவுதான். இன்னும் ஊற்றினார். பாதிக்கு வந்தது.

"என்னடா இது, கோடைக்கு வந்த எருமையாட்டம் குடிக்குது!"

"அச்சு ஓட்டையாட்டிருக்குது" என்றாள் அக்கா. 

கீழே குனிந்து பார்த்தார்கள். ஓட்டை இல்லை. நிறைந்து முடிந்தபோது எட்டுக் கட்டிப் பாகு உள்ளே போயிருந்தது. பெண்ணின் தகப்பனாரும் எழுந்து வந்து நின்று பார்த்தார். வெல்லம் காய்ச்சுகிற குடியானவர்தானே அவரும். "ரெட்டிப்புக்கு எட்டு எப்பிடிங்க போவும்?" என்று விரல் விட்டு எண்ணினார்.

சின்ன அச்சுகள் ஆறியதும் கவிழ்த்தார்கள். கட்டிகள் மொட மொடவென்று நின்றன. அதே பதம், அதே பாகு என்று பெரிய அச்சையும் கவிழ்த்தார்கள். கட்டி வெளியே வந்து ஒரு மூச்சு நேரம் ராஜா மாதிரி நின்றது. பிறகு அடிப்பக்கம் பிதுங்கியது. நடுவில் ஒரு விரிசல் ஓடியது. கிழவி உட்காருவது போல மெதுவாகச் சரிந்து உட்கார்ந்துவிட்டது.

"சாமி குத்தம்!" என்றாள் அக்கா. 

"குத்தமும் இல்ல, ஒண்ணும் இல்ல. உள்ள ஆறுல" என்றார் மச்சான்.

"தெரியும்! தெரியும்! பெருசானாத் தெரிஞ்சுரும்!" என்று கத்தினேன். ஆலை மாடு நின்றுவிட்டது. நான் கத்தி அவர்கள் யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

"என்னுங்க மாப்பள்ளை?" என்றார் பெண்ணின் தகப்பனார், ஒரு அடி பின்வாங்கி.

"மாமா, இங்க பாருங்க. அதே பாகு, அதே அச்சு. ரெட்டிப்பாச்சு, அவ்வளவுதானுங்க. கனம் எட்டாயிருச்சு. ஆனா அதத் தாங்கற அடிப்பக்கம் நாலு கட்டி அகலந்தானுங்க இருக்குது. நாலு மேல எட்டு ஏறி உக்காந்தா எப்பிடி நிக்கும்? மச்சான் சொல்றதும் அதேதானுங்க. சின்னது ஆறுன நேரத்துல பெருசு ஆறுல. எல்லாமே ராவோட ராவா ரெட்டிப்பாயிருந்தா மாடு காலு மடங்கி உழுந்துருக்கும். நம்மளும் எந்திரிச்சிருக்க மாட்டமுங்க. உழுந்த பல்லி ஓடியிருக்காதுங்க!" 

பல்லி அவருக்குப் புரிந்திருக்க நியாயமில்லை. அதையும் சேர்த்துச் சொன்னேன்.

அவர் சரிந்த கட்டியைப் பார்த்தார். நின்றுகொண்டிருந்த சின்னக் கட்டிகளைப் பார்த்தார். ஒன்றைக் கையில் எடுத்துத் தூக்கிப் பார்த்தார். பிறகு அடுப்பு ஓரத்தில் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டார். 

"நெசமாத்தான் சொல்றீங்களா? ஒண்ணும் பெருசாகுல?"

"ரெட்டிப்பாகுலீங்க. சத்தியமா."

"அட சாமி!" என்று மூச்சு விட்டார். "அன்னிக்கு நீங்க கேட்டதுலருந்து எனக்கு ஒறக்கமே இல்லீங்க. எங்கூட்டுக் கட்டலச் சாண் போட்டேன். மாட்டுத் தொண்டுப்பட்டிய மொழம் போட்டேன். சரியாத்தான் இருக்குது. சரியா இருக்கறதுதான் பயமா இருக்குதுங்க. எம் பொண்டாட்டி சிரிக்கறா. இந்தச் சம்மந்தத்த முறிச்சுப்போட்டாத்தான் இது மண்டைய உட்டுப் போவும்னு நெனச்சு வந்தனுங்க."

மச்சான் சிரிப்பை அடக்கிக்கொண்டு கொப்பரைப் பக்கம் திரும்பினார். அக்கா அந்த மஞ்சள் முடிச்சிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவர் முடிச்சை இடுப்பில் சொருகிக்கொள்ளப் போனார். அப்படியே நிறுத்தினார்.

"ரெட்டிப்பு வேண்டாமுங்க. ஒரு கொஞ்சூண்டு பெருசாயிருந்தா? ஒரு நெல்லு மொனையளவு?"

அக்கா அவர் முதுகுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். "ஆகவில்லை" என்று சொல்லச் சொல்கிறாள். கண்ணில் தண்ணீர் நிற்கிறது. எனக்கும் தெரியும். ஒரு வார்த்தைதான். நான் அந்த வெல்லத்தையே பார்த்துக்கொண்டு யோசித்தேன். கொஞ்சம் பெரிய அச்சாக இருந்தால் கட்டி நின்றிருக்கும். ஆறக் கொஞ்சம் கூட நேரமாகியிருக்கும், யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்?

"அது தெரியாதுங்க மாமா" என்றேன்.

அவர் டம்ளரில் மிச்சமிருந்த சாற்றைக் குடித்து முடித்தார்.

"அந்தக் கொஞ்சூண்டுல மாடு ஏரு உழுவாதுங்களா?"

"உழுவுமுங்க."

"தண்ணி எறச்சாப் பாயாதுங்களா?"

"பாயுமுங்க."

"அப்பறம் அதுபாட்டுக்குக் கெடந்துட்டுப் போவுது" என்று எழுந்தார். முடிச்சு இடுப்புக்குப் போய்விட்டது. "வைகாசில வெச்சுக்கலாமுங்கம்மிணி" என்று அக்காவிடம் சொன்னார். அவள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வண்டியடிக்கு நான் கூடப் போனேன். அவர் சுற்றிலும் பார்த்துக்கொண்டு தணிந்த குரலில், "ஒண்ணே ஒண்ணுங்க மாப்பள்ளை. இந்தக் கொஞ்சூண்டுச் சமாச்சாரத்த எம் புள்ளகிட்ட எடுத்துப்போடாதீங்க. நான் பட்டது போதும்" என்றார். எடுக்கவே மாட்டேன் என்று கையில் அடித்துக் கொடுத்தேன்.

சரிந்த வெல்லத்தை உடைத்து எட்டுக் கட்டியாக மறுபடி உருக்கி ஊற்றி மாரியம்மனுக்கு வைத்தார் மச்சான். இரட்டிப்புக்கு எட்டாகக் கொடுத்ததில் அம்மனுக்குத்தான் லாபம் என்று கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

வைகாசியில் பெண் வீட்டில் கல்யாணம் நடந்தது. மேடையில் நான் வாய் திறக்கவில்லை. முடிந்ததும் எங்கள் வீட்டுக்குப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் வண்டியில் வைத்து அனுப்பினார்கள். வண்டியோட்டி முன்னால் பாடிக்கொண்டு போனார். நானும் அவளும் பின்னால், நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்திருந்தோம். ஆண்டகளூர் தாண்டும் வரை ஒரு பேச்சும் இல்லை. அவள்தான் ஆரம்பித்தாள். என்னிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது.

"ஏனுங்க, அந்தக் கொஞ்சூண்டுக்கு ஏதாச்சும் வழி கண்டுபுடிச்சீங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்களுக்கு ஆரு சொன்னது?" என்றேன். பொண்டாட்டியை நீங்கள் என்று கூப்பிட்டதைக் கேட்டு வண்டியோட்டி பாட்டை நிறுத்திவிட்டார்.

"எங்கய்யன்தானுங்க. அன்னிக்குச் சாயங்காலம் வந்ததும் வராததுமா, அம்மிணி இதக் கேளுன்னு எல்லாத்தயும் ஒப்பிச்சுப்போட்டாரு. அப்பறம் அவரு ஒறங்கிட்டாரு. எனக்குத்தான் போச்சு."

அவள் வெளியே பார்த்துக்கொண்டே மேலும் சொன்னாள்: 

"நீங்க ஒரே ராத்திரில வளந்தாங்கறீங்க. எனக்கு அதுகூடப் பயமில்லீங்க. தெனமும் ஒரு நெல்லு மொனை, தெனமும் ஒரு நெல்லு மொனைன்னு வளந்துட்டே போனா? மாட்டுக்கால் எலும்பும் துளித்துளியாத் தடிச்சுக்கிட்டே வந்தா? அப்ப எந்தக் கட்டி சரிஞ்சு உழுந்து நமக்குச் சொல்லும்?"

அதை நான் நினைத்துப் பார்த்திருக்கவில்லை. வண்டி வீடு வந்து சேரும் வரை யோசித்தேன். அக்கா ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்றாள். நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், நிலவுப்படியைக் குனிந்து பார்த்துக்கொண்டே தாண்டினோம். மணமக்களுக்கு இருக்க வேண்டிய அடக்கம் இதுதான் என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் மெச்சினார்கள்.

அவளுக்கு அன்றைக்குச் சொல்ல வேண்டிய பதிலை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். மத்தியானம் சோறு போடும்போது சில நாள் கேட்பாள். கேட்காத நாளில் நானே எடுப்பேன். பிள்ளைகள் எழுந்து வெளியே போய்விடுவார்கள். படித்தவர்கள் யாராவது இதைப் பார்த்தால் ஒரு வரி எழுதிப் போடுங்கள். முடிந்தால் சீக்கிரம் போடுங்கள். அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டு, எழுதி முடித்தாயிற்றா என்று கேட்கிறாள்.

பார்த்திப வருஷம், மாசி மாதம், பத்தாம் தேதி.